திரை நம்மை முட்டாளாக்கலாமா? யு.ஐ. டிசைன் பிறந்த ஊர்களுக்கு ஒரு ரயில் பயணம்

"எதையோ அமுக்கிட்டேன் போலப்பா... எனக்கு இதெல்லாம் எங்க புரியுது? நீயே பார்த்துக் குடு!"

செல்போனை நீட்டியபடி அம்மா சொல்லும் வசனம் இது. அப்பா இதைக்கூடச் சொல்ல மாட்டார். போனை மேசையில் வைத்துவிட்டு, நேரில் போயே வரிசையில் நின்று பில் கட்டிவிட்டு வருவார். தாத்தா, பாட்டி இருக்கும் வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? மிக்ஸி ஓடவில்லை என்றால் 'மிக்ஸி சரியில்லை' என்று திட்டுகிறோம். போனில் ஒரு விஷயம் பிடிபடவில்லை என்றால் மட்டும் 'எனக்குத்தான் தெரியவில்லை' என்கிறோம். இயந்திரத்தின் மேல் விழ வேண்டிய பழி மனிதர் மேல் விழுகிறது.

இந்தப் பழியைத் துடைப்பதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. அதுதான் யூசர் இன்டர்ஃபேஸ் டிசைன், சுருக்கமாக யு.ஐ. டிசைன். திரையில் எந்த பட்டன் எங்கே இருக்க வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது பார்த்தவுடன் புரிகிறதா... இதையெல்லாம் யோசித்து வடிவமைக்கும் வேலை.

கல்லூரி முடித்தவர்கள், வேறு துறையிலிருந்து மாற நினைப்பவர்கள், குழந்தை வளர்ந்த பிறகு மீண்டும் வேலைக்குப் போக விரும்பும் அம்மாக்கள் எனப் பலரும் இன்று இந்தத் துறையை எட்டிப் பார்க்கிறார்கள். எல்லோரும் கேட்கும் முதல் கேள்விகள் ஒன்றேதான். "எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும்? கோடிங் தெரியணுமா? எனக்கு வரையவே வராதே?"

இந்தக் கேள்விகளுக்கான பதில்கள் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சுமார் 75 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு ரயில் பாதையின் ஓரமாகவே கிடைக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சான் ஹோசே வரை போகும் 'கால்ட்ரெயின்' பாதை அது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் தமிழ்நாட்டுப் பெற்றோர்கள் பலர் இறங்கி ஏறும் ஊர்கள்தான் இவை. ஒரு நாள் ஒதுக்கினால் போதும். வாருங்கள், ஏறலாம்!

முதல் நிறுத்தம்: மரக்கட்டை மவுஸ்

சான் பிரான்சிஸ்கோவில் நான்காவது தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் இடத்தில் ரயில் நிலையம். காலை நேரத்தில் பெரும்பாலும் பனிமூட்டமும் குளிர்காற்றும் இருக்கும். கோடைக்காலம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் வந்தவர்கள் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். 2024 செப்டம்பர் முதல் இந்தப் பாதையில் இரண்டடுக்கு மின்சார ரயில்கள் ஓடுகின்றன. மேலடுக்கில் ஜன்னலோர இடம் கிடைத்தால் பயணம் இன்னும் சுகம்.

தெற்கே போகப் போகப் பனி விலகி வெயில் வருகிறது. இன்று அலுவலகங்களும் வீடுகளும் நெருங்கி நிற்கும் இந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஆப்ரிகாட், பிளம் பழத்தோட்டங்களாக இருந்தது. 'சிலிக்கான் வேலி' என்ற பெயர் பிற்பாடு வந்ததுதான்.

மென்லோ பார்க் நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால், ரேவன்ஸ்வுட் அவென்யூவில் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தின் வளாகம் வருகிறது. அப்போது அதன் பெயர் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனம். இங்கே வேலை பார்த்தவர் டக்ளஸ் எங்கல்பர்ட். அவருடைய யோசனைப்படி, 1964-ல் பில் இங்கிலிஷ் என்ற பொறியாளர் உலகின் முதல் மவுஸைச் செய்தார். ஒரு சின்ன மரப்பெட்டி, அடியில் இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பட்டன். அவ்வளவுதான்!

1968 டிசம்பர் 9 அன்று, நாம் ரயில் ஏறிய அதே சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு மாநாட்டில், எங்கல்பர்ட் 90 நிமிடங்கள் அதை இயக்கிக் காட்டினார். திரையில் ஒரு புள்ளி நகர்வதையும், எழுத்துகளைச் சுட்டிக்காட்டித் திருத்துவதையும் பார்த்து அரங்கம் அசந்துபோனது. பெரும்பாலானோருக்கு அதுவரை கம்ப்யூட்டர் என்றால் துளை போட்ட அட்டைகள், மனப்பாடம் செய்ய வேண்டிய கட்டளைகள் அவ்வளவுதான். விரலால் காட்டி 'இது வேண்டும்' என்று சொல்வதுபோலக் கம்ப்யூட்டரிடம் சொல்லலாம் என்பது அன்று தெரிந்தது.

இன்டர்ஃபேஸ் என்ற வார்த்தையின் அர்த்தமே இதுதான். மனிதரும் இயந்திரமும் சந்திக்கும் இடம். வீட்டுக்குத் திண்ணை எப்படியோ, இயந்திரத்துக்குத் திரை அப்படி. வருபவர் யோசிக்காமல் வந்து உட்கார முடிய வேண்டும்.

இரண்டாவது நிறுத்தம்: உயரமான மரத்தின் ஊர்

மென்லோ பார்க்கை விட்டு ரயில் கிளம்பிய சற்று நேரத்தில் ஒரு சிற்றாற்றுப் பாலம் வரும். அதை ஒட்டி, தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே ஆயிரம் வயது தாண்டிய ஒரு செம்மரம் நிற்கிறது. நம் ஊர்ச் செம்மரம் இல்லை, 'ரெட்வுட்' எனப்படும் வகை. ஸ்பானிய மொழியில் 'பாலோ ஆல்ட்டோ' என்றால் உயரமான மரம். இந்த மரத்தின் பெயரைத்தான் ஊர் சுமக்கிறது.

பாலோ ஆல்ட்டோவில் ஓடு வேய்ந்த வீடுகளும், நிழல் மரங்களும், சைக்கிளில் போகும் மாணவர்களும் கண்ணில் படுவார்கள். அடிசன் அவென்யூவில், ஹியூலெட் பேக்கர்டு நிறுவனம் 1939-ல் தொடங்கப்பட்ட சின்ன கராஜ் இருக்கிறது. தெருவிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

ஊரின் குன்றுச் சரிவில், கொயோட்டி ஹில் ரோட்டில் இருப்பது 'பார்க்' ஆய்வகம். போட்டோகாப்பி இயந்திரத்துக்குப் பெயர் பெற்ற ஜெராக்ஸ் நிறுவனம் 1970-ல் தொடங்கிய ஆய்வகம் இது. 2023-ல் இது எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்திடம் நன்கொடையாக ஒப்படைக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் உள்ளே போக முடியாது. சாலையோரம் நின்று, புல்வெளிக் குன்றையும் அதன் சரிவில் அடுக்கடுக்காகப் பதிந்திருக்கும் கட்டடத்தையும் பார்க்கலாம்.

1973-ல் இந்த ஆய்வகத்தினரின் கையில் 'ஆல்டோ' என்ற கம்ப்யூட்டர் உருவானது. திரையில் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாகக் கறுப்பாக்கவும் வெள்ளையாக்கவும் முடிந்ததால், அதில் எழுத்து மட்டுமல்ல, படமும் வந்தது. 1981-ல் ஜெராக்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஸ்டார்' கம்ப்யூட்டரில் மேசை, கோப்பு, தாள் ஆகியவை சின்னப் படங்களாக வந்து உட்கார்ந்தன. அவற்றை வரைந்தவர் நார்ம் காக்ஸ். இன்று உங்கள் போனில் பல ஆப்களின் மூலையில் மூன்று கோடுகள் தெரிகின்றன அல்லவா? தொட்டால் மெனு விரியுமே, அதுவும் அவர் 'ஸ்டார்' கம்ப்யூட்டருக்கு வரைந்ததுதான்!

அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்குக் கோப்பு என்றால் என்னவென்று ஏற்கெனவே தெரியும். அவருக்குத் தெரிந்ததையே திரையில் வைத்துவிட்டால் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பழகிய பொருளைக் கொண்டு பழகாத பொருளைப் புரியவைப்பது, யு.ஐ. டிசைனின் முதல் பாடம்.

ஆனால் 'ஸ்டார்' கம்ப்யூட்டரின் விலை 16,000 டாலருக்கும் மேல். சாதாரண வீடுகளுக்கு அது எட்டாக்கனி. வீட்டுக்கு வந்து சேர இன்னும் ஒருவர் தேவைப்பட்டார். அவரும் அப்போது இதே ஊரில்தான் இருந்தார். ஆனால் கம்ப்யூட்டர் பக்கமே இல்லை.

இரண்டரை டாலர் நோட்டுப் புத்தகம்

1982-ம் ஆண்டு. பாலோ ஆல்ட்டோவில் ஓர் இளம்பெண் இரும்பை வெல்டிங் செய்து நிஜ அளவுக் காட்டுப்பன்றிச் சிற்பம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். ஆர்கன்சா மாநிலத்து அருங்காட்சியகம் ஒன்று கேட்டிருந்த சிற்பம் அது. பெயர் சூசன் கேர். கலையில் டாக்டர் பட்டம் பெற்றவர். சான் பிரான்சிஸ்கோவின் கலை அருங்காட்சியகத்தில் வேலை பார்த்திருந்தாலும், மற்றவர்களின் படைப்புகளைப் பற்றிப் பேசுவதைவிடத் தானே எதையாவது படைக்க வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு.

அப்போது ஒரு போன் வந்தது. பேசியவர் பள்ளித் தோழர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட். ஆப்பிள் நிறுவனத்தில் புரோகிராமர். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் செய்கிறோம், அதற்குச் சின்னச் சின்னப் படங்களும் எழுத்துருக்களும் வேண்டும், வரைந்து தர முடியுமா என்று கேட்டார்.

கேருக்குக் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் தெரியாது. வரைந்து பார்க்க மென்பொருளும் கிடையாது. ஹெர்ட்ஸ்ஃபெல்ட் சொன்ன வழி எளிமையானது. கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கு, நீளத்தில் 32, அகலத்தில் 32 கட்டங்களை எடுத்துக்கொள், தேவையான கட்டங்களைக் கறுப்பாக்கு. ஒரு கட்டம், திரையில் ஒரு புள்ளி.

ஊரில் இருந்த ஓவியப் பொருள் கடைக்குப் போய், இரண்டரை டாலருக்கு ஒரு கட்டம்போட்ட நோட்டு வாங்கினார் கேர். அதில் வரைய ஆரம்பித்தார். கைவிரல் நீட்டும் படம், பெயின்ட் பிரஷ், கத்தரிக்கோல்... நேர்காணலுக்குப் போகும் முன் பாலோ ஆல்ட்டோ பொது நூலகத்தில் எழுத்துருக்கள் பற்றிய புத்தகங்களை எடுத்துப் படித்தார். அவற்றையும் கையோடு கொண்டுபோனார்.

கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் வேறு சில விஷயங்கள் அவருக்குத் தெரிந்திருந்தன. மொசைக் கற்களைப் பதிப்பதும், துணியில் கட்டம் எண்ணிப் பூத்தையல் போடுவதும் இதே வேலைதானே! நம் ஊரில் மார்கழி விடியலில் புள்ளி எண்ணி வைத்துக் கோலம் போடும் யாருக்கும் இது சட்டென்று விளங்கிவிடும். புள்ளிகள் இவ்வளவுதான். அதற்குள் மயில் வர வேண்டும், தேர் வர வேண்டும், பார்ப்பவர் 'மயில்' என்று சொல்ல வேண்டும்.

1983 ஜனவரியில் கேர் ஆப்பிளில் சேர்ந்தார். அவர் வரைந்து பழகிய அந்த நோட்டுப் பக்கங்கள் இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

மூன்றாவது நிறுத்தம்: சிரிக்கும் பெட்டி

மீண்டும் ரயில். அடுத்து இறங்க வேண்டிய ஊர் மவுன்டன் வியூ. நிலையத்திலிருந்து டாக்ஸியில் சில நிமிடங்களில், ஷோர்லைன் பொலிவார்டில் உள்ள கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம். வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது. இணையத்தில் நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது. குழந்தைகளோடு போனால் அரை நாள் ஓடுவதே தெரியாது.

மணிச்சட்டத்திலிருந்து தொடங்கி 2,000 ஆண்டுக் கணக்கு இயந்திரங்களின் கதை உள்ளே விரிகிறது. ஆல்டோவையும், 1984 ஜனவரி 24 அன்று வெளிவந்த ஆப்பிளின் மேகின்டாஷையும் நேரில் பார்க்கலாம். மேகின்டாஷ் ஒரு சின்னப் பெட்டி. ஒன்பது அங்குலத் திரை. கறுப்பு, வெள்ளை தவிர வேறு நிறம் கிடையாது. திரையின் மொத்தப் புள்ளிகள் அகலத்தில் 512, உயரத்தில் 342. இன்று கையில் இருக்கும் சாதாரண போனின் திரையில் இதைவிடப் பல மடங்கு புள்ளிகள் உண்டு.

இந்தப் பெட்டியை ஆன் செய்தால் முதலில் வருவது கட்டளையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் படம் சிரிக்கும்! கேர் வரைந்த சிரிப்பு அது. 2,495 டாலர் கொடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் கம்ப்யூட்டர் வாங்கி, எதைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று அந்தச் சிரிப்பு சொன்னது. வேண்டாததைப் போடக் குப்பைத்தொட்டி, காத்திருக்கச் சொல்லக் கைக்கடிகாரம், வண்ணம் கொட்டப் பெயின்ட் வாளி என்று அவர் வரைந்தவை எல்லாமே வீட்டில் இருக்கும் பொருட்கள். படம் வரையும் மென்பொருள்களில் இன்றும் அந்த வாளி இருக்கிறது.

கேர் எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே சரியாகச் செய்தாரா? இல்லை. கம்ப்யூட்டர் முடங்கிப் போனால் காட்டுவதற்குத் திரி எரியும் வெடிகுண்டு ஒன்றையும் வரைந்தார். இது யார் கண்ணிலும் படாது என்றுதான் புரோகிராமர்கள் அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஆனால் பட்டது! கம்ப்யூட்டர் வெடித்துவிடுமோ என்று பயந்துபோன ஒருவர் ஆப்பிளுக்கே போன் செய்த கதை உண்டு. அலுவலகத்துக்குள் நகைச்சுவையாகத் தெரிவது வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்குப் பயமாகத் தெரியலாம். புதிதாக டிசைன் கற்பவர்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

பசிக்கிறதா? அடுத்த நிலையம் சன்னிவேல். இங்கே எல் கமினோ ரியால் சாலையில் மசால் தோசையும் ஃபில்டர் காபியும் தாராளமாகக் கிடைக்கும். பக்கத்து மேசையில் தமிழ்ப் பேச்சு கேட்டால் ஆச்சர்யப்பட வேண்டாம்.

நான்காவது நிறுத்தம்: குப்பர்டினோ

குப்பர்டினோவுக்கு ரயில் கிடையாது. சன்னிவேலிலிருந்து பஸ்ஸிலோ டாக்ஸியிலோ போக வேண்டும். ஆப்பிளின் வட்ட வடிவத் தலைமையகத்துக்கு எதிரே, 2017-ல் திறக்கப்பட்ட பார்வையாளர் மையம் உள்ளது. மொட்டை மாடிக்கு ஏறினால் மரங்களுக்கு நடுவே அந்தப் பெரிய வளையத்தின் ஒரு பகுதி தெரியும். பெரும்பாலானோர் அங்கே செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

யு.ஐ. டிசைன் கற்க நினைப்பவர்கள் போக வேண்டிய தெரு வேறு. பேண்ட்லி டிரைவ். உயரமில்லாத சாதாரண அலுவலகக் கட்டடங்கள், கார் நிறுத்துமிடங்கள். தெரு பார்க்க ஒன்றும் விசேஷமாக இருக்காது. இங்கேதான் மேகின்டாஷ் குழு வேலை பார்த்தது.

கடற்படையில் சேர்வதைவிடக் கடற்கொள்ளையராக இருப்பதே மேல் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் தன் குழுவினரை உசுப்பிவிட்டிருந்தார். 1983-ல் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, ஸ்டீவ் கேப்ஸ் என்ற புரோகிராமர் கறுப்புத் துணியில் கொடி தைக்க, அதில் மண்டை ஓட்டை வரைந்தார் கேர். ஒரு கண்ணை மறைக்கும் பட்டையாக வானவில் நிற ஆப்பிள் சின்னம். அந்தக் கொடி பேண்ட்லி டிரைவ் கூரையில் பறந்தது.

எழுத்துருக்களுக்குப் பெயர் வைத்த கதை, ரயிலில் வந்தவர்களுக்குப் பிடிக்கும். கேரும் ஹெர்ட்ஸ்ஃபெல்டும் தங்கள் ஊரான ஃபிலடெல்ஃபியாவின் புறநகர் ரயில் நிலையங்களின் பெயர்களைத்தான் முதலில் வைத்தார்கள். 'பெயர் வைத்தால் உலகப் புகழ் பெற்ற நகரங்களின் பெயராக இருக்கட்டும்' என்றார் ஜாப்ஸ். அப்படித்தான் சிகாகோ, ஜெனீவா, நியூயார்க், மொனாக்கோ எல்லாம் எழுத்துருக்கள் ஆயின. பிற்காலத்தில் முதல் ஐபாட் திரையில் பாட்டுப் பெயர்களைக் காட்டியதும் கேரின் 'சிகாகோ'தான்.

இன்னொரு கதை. மேகின்டாஷ் மெனுவில் ஒவ்வொரு கட்டளைக்குப் பக்கத்திலும் ஆப்பிள் சின்னம் இருந்தது. ஒரே திரையில் இத்தனை ஆப்பிளா என்று ஜாப்ஸ் கோபப்பட்டார். மாற்றுச் சின்னம் தேடிக் குறியீட்டு அகராதி ஒன்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார் கேர். நான்கு மூலைகளிலும் சுழி போட்ட ஒரு சதுரம் கண்ணில் பட்டது. பார்க்க வேண்டிய இடம் இங்கே உள்ளது என்று ஸ்வீடன் நாட்டில் காட்டும் குறி அது. ஆப்பிள் கீபோர்டுகளில் இன்றும் அது இருக்கிறது. எல்லாவற்றையும் நாமே கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சாலைப் பலகைகள், பஸ் போர்டுகள், மருந்து அட்டைகள் என்று உலகம் ஏற்கெனவே வரைந்துவைத்திருப்பதைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

சற்றுத் தள்ளி 'இன்ஃபினிட் லூப்' வளாகம். 1990-களில் இதன் புல்வெளியில் கேரின் ஐகான்களை ஆளைவிடப் பெரிய சிற்பங்களாக நிறுத்தியிருந்தார்கள். பத்தாண்டு முடிவதற்குள் அவை அகற்றப்பட்டுவிட்டன. வெறும் புல்தான் மிச்சம். 32 கட்டத்துக்குள் பிறந்தவை இன்று கோடிக்கணக்கான திரைகளில் வெவ்வேறு உருவில் இருக்கின்றன.

'என்னை ஏன் முட்டாள் என்கிறது?'

குப்பர்டினோவை விட்டுக் கிளம்பும் முன் ஒரு கதை பாக்கி. இந்தப் பயணத்திலேயே முக்கியமானது.

மேகின்டாஷுக்கு முன்னால் 'லிசா' என்ற கம்ப்யூட்டரை ஆப்பிள் உருவாக்கிக்கொண்டிருந்தது. பார்க் ஆய்வகத்திலிருந்து ஆப்பிளுக்கு வந்திருந்த லாரி டெஸ்லர் ஒரு வழக்கத்தை வைத்திருந்தார். கம்ப்யூட்டரே தொட்டிராதவர்களைக் கூப்பிட்டு லிசாவின் முன்னால் உட்காரவைத்து, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பார். உதவி செய்ய மாட்டார். கவனிப்பது மட்டுமே வேலை.

திரையில் வரும் சின்னப் பெட்டியில் இரண்டு பட்டன்கள் இருந்தன. ஒன்று 'ரத்து செய்'. மற்றொன்று, 'செய்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் 'டூ இட்'. பலரும் அந்த இடத்தில் தயங்கினார்கள். தெளிவான பட்டன்தானே, ஏன் அழுத்த மாட்டேன் என்கிறார்கள் என்று டிசைனர்களுக்குப் புரியவில்லை.

ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டது. இந்த மென்பொருள் ஏன் என்னை 'டோல்ட்' என்கிறது என்று கேட்டார். ஆங்கிலத்தில் 'டோல்ட்' என்றால் மடையன், முட்டாள்!

நடந்தது இதுதான். அந்த எழுத்துருவில் இரண்டு சொற்களுக்கும் நடுவே இருந்த இடைவெளி சரியாகத் தெரியவில்லை. பெரிய 'ஐ' எழுத்து, சிறிய 'எல்' எழுத்துபோலவே இருந்தது. இரண்டும் சேர்ந்து வேறொரு சொல்லாகிவிட்டது. மாதக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருந்த நிபுணர்கள் யார் கண்ணுக்கும் இது தெரியவில்லை. முதல் நாள் வந்து உட்கார்ந்தவருக்குத் தெரிந்தது. பட்டன் மாறியது. அந்த இடத்துக்கு வந்த சொல்தான் நாம் இன்று நாள் முழுவதும் அமுக்கிக்கொண்டிருக்கும் 'ஓகே'!

அந்தத் திரை வாய்விட்டு 'முட்டாள்' என்று சொன்னது. மற்ற மோசமான திரைகள் அதையே சத்தமில்லாமல் சொல்கின்றன. நம் வீட்டு அம்மாக்கள் கோபப்படுவதில்லை. 'ஆமாம், எனக்குத்தான் தெரியலை' என்று ஒப்புக்கொண்டு போனை நீட்டிவிடுகிறார்கள்.

திரும்பும் ரயிலில்... எங்கே தொடங்குவது?

மாலை ரயிலில் சான் பிரான்சிஸ்கோ திரும்பும்போது, பெட்டியில் எல்லோர் கையிலும் போன். இன்று யு.ஐ. டிசைனர்கள் பரவலாகப் பயன்படுத்தும் 'ஃபிக்மா' மென்பொருளின் தலைமையகமும் அதே சான் பிரான்சிஸ்கோவில்தான். 2016-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த அது, பிரவுசரிலேயே இயங்கும். கற்றுக்கொள்பவர்களுக்கு இலவசத் திட்டமும் உண்டு. அதனால் 'சாஃப்ட்வேர் வாங்கக் காசில்லை' என்ற கவலை வேண்டாம். ஆனால் அதைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில உள்ளன.

முதலில், கட்டம்போட்ட ஒரு கணக்கு நோட்டு வாங்குங்கள். 16-க்கு 16 கட்டத்தில் குடை, டம்ளர், சாவி, ஆட்டோ என்று பழகிய பொருட்களை வரையுங்கள். என்னவென்று சொல்லாமல் வீட்டில் இருப்பவரிடம் காட்டுங்கள். சட்டென்று பெயர் சொன்னால் வெற்றி. யோசித்தால், மறுபடி வரையுங்கள். ஓவியத் திறமை இதற்குத் தேவையில்லை. எதை விட்டுவிட்டாலும் அந்தப் பொருள் அதுவாகவே தெரியும் என்று கண்டுபிடிப்பதே பயிற்சி.

இரண்டாவதாக, தினமும் பயன்படுத்தும் ஓர் ஆப்பின் ஒரே ஒரு பக்கத்தைத் தாளில் பென்சிலால் அப்படியே வரையுங்கள். கேஸ் புக்கிங், ரயில் டிக்கெட், கரன்ட் பில் எதுவானாலும் சரி. இந்த பட்டன் ஏன் இங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். பதில் கிடைக்காத பட்டனை நகர்த்தி வரைந்து பாருங்கள். பிறகு அதையே ஃபிக்மாவில் செய்யுங்கள்.

மூன்றாவதாக, அளவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். தொடும் பட்டன் குறைந்தது 44 புள்ளி சதுரம் இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிளின் வழிகாட்டி. கூகுளின் வழிகாட்டி கேட்பது 48. விரலுக்குப் புரியும்படிச் சொன்னால் சுமார் 9 மில்லிமீட்டர். எழுத்து நிறத்துக்கும் பின்னணி நிறத்துக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது இணையத்துக்கான அணுகல் நெறிமுறை. வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து அழகாகத் தெரியலாம். வெயிலில் நிற்கும் பெரியவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியம். செய்ததை ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான குறைகள் தெரியவர ஐந்து பேரே போதும் என்று 2000-ம் ஆண்டிலேயே எழுதினார் இத்துறை நிபுணர் யாகோப் நீல்சன். கொடுத்துவிட்டு, லாரி டெஸ்லரைப்போலச் சும்மா இருங்கள். 'அங்கே அமுக்கும்மா' என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ, அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது.

கோடிங் தெரிந்தால் நல்லது, கட்டாயம் இல்லை. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். அடிப்படை தெரிந்துகொண்டால் புரோகிராமரோடு பேச வசதியாக இருக்கும். வேலை தேடும்போது இப்படிச் செய்த இரண்டு, மூன்று பயிற்சிகளை 'முதலில் இப்படி இருந்தது, இவர் இங்கே தடுமாறினார், அதனால் இப்படி மாற்றினேன்' என்று படத்தோடு தொகுத்து வையுங்கள். இதைத்தான் போர்ட்ஃபோலியோ என்கிறார்கள். பளபளப்பான பத்துப் படங்களைவிட, ஒரு தடுமாற்றத்தைச் சரிசெய்த கதைக்கு அங்கே மதிப்பு அதிகம்.

'எனக்கு ஒன்றும் தெரியாதே' என்பதுதான் தொடங்குபவரின் பெரிய பயம். ஆனால் புதியவரின் தயக்கம் எப்படி இருக்கும் என்பது, புதியவராக இருக்கும் வரை நமக்கு நன்றாகத் தெரியும். பழகிய பிறகு அது மறந்துவிடும். பேண்ட்லி டிரைவின் நிபுணர்கள் மறந்ததும் அதைத்தான். சூசன் கேர் வெல்டிங் கண்ணாடியோடு வந்தபோது அவரிடம் இருந்ததும் அதுதான். எனவே உங்களுக்குக் குழப்பம் தந்த திரைகளை எல்லாம் மறப்பதற்குள் எழுதிவையுங்கள். அதுவே உங்கள் முதல் பாடப்புத்தகம்.

ரயில் சான் பிரான்சிஸ்கோவை நெருங்கும்போது மறுபடியும் பனி இறங்கத் தொடங்கியிருக்கும். இறங்குவதற்கு முன் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு வீடியோ கால் போடுங்கள். அங்கே விடிந்திருக்கும். எடுக்கத் தெரியாமல் அவர் எதையாவது அமுக்கி, கால் கட் ஆகிவிட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

"எந்த பட்டன்னு நினைச்சு அமுக்குனீங்கம்மா?" என்று கேளுங்கள். பதிலை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.